தம்பியின் போதைப் பழக்கமும் வீட்டுக் கடனும்: எந்த வாசலை முதலில் தட்டுவது?

குடியாத்தம் அக்காள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் கைதேர்ந்தவன். கஞ்சாவில் தொடங்கிய பழக்கம் இரண்டு ஆண்டுகளாக வலி மாத்திரைகளுக்கும் போய்விட்டது. மாத்திரை கிடைக்காத நாளில் டாஸ்மாக். வீட்டில் அவனுடைய மனைவி, ஆறு வயது மகள், 62 வயதான எங்கள் அம்மா ஆகியோர் இருக்கிறார்கள். அம்மாவும் தம்பி மனைவியும் பீடி சுற்றுகிறார்கள். நான் அதே தெருவில் தனியாகக் குடியிருக்கிறேன்; தோல் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்திருந்த உறவினர் ஒருவரின் பையிலிருந்து பணம் காணாமல் போனது. அன்றைய இரவிலிருந்து நான் ஒரு நோட்டில் கணக்கு எழுதத் தொடங்கினேன். வைகாசி முதல் வைகாசி வரை ஓராண்டுக் கணக்கை அண்மையில் கூட்டிப் பார்த்தேன். ஒழுங்காக வேலைக்குப் போனால் அவனுக்கு மாதம் 24 நாள் வேலை உண்டு, நாளுக்கு 800 ரூபாய் கூலி. இப்போது 9 நாள்தான் போகிறான். அந்த 7,200 ரூபாயிலும் ஏறத்தாழ 6,000 ரூபாய் போதைக்கே போகிறது. நடுவில் மூன்று மாதம் தனியார் மீட்பு இல்லம் ஒன்றில் சேர்த்திருந்தோம். ஆக, போகாத வேலையால் இழந்த கூலி 1,65,600 ரூபாய். மீட்பு இல்லத்துக்கு 36,000. சிறு பொட்டலத்தோடு பிடிபட்ட வழக்குக்கு 15,000. அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து வாங்கிய 60,000 ரூபாய்க்கு இரண்டு வட்டியும், தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கிய 50,000 ரூபாய்க்கு ஐந்து வட்டியும் சேர்ந்து 44,400. அவன் நேரடியாகப் போதைக்குச் செலவழித்தது, இல்லத்தில் இருந்த மாதங்களைக் கழித்தால், 54,000. மொத்தம் 3,15,000 ரூபாய். போதைக்கென்று போனது இதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

உதவி கேட்டு எங்கும் போகவில்லை என்று சொல்ல முடியாது. அம்மா தூக்கமில்லை என்று அரசு மருத்துவமனைக்குப் போனார். இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள். தம்பி மனைவி குழந்தையின் படிப்புக்கு ஏதாவது உதவி உண்டா என்று பள்ளியில் கேட்டார். வருமானச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். மகளிர் உரிமைத் தொகையாக மாதம் வரும் 1,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. போன இடம் ஒவ்வொன்றிலும் எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையின் பெயர் கெட்டுவிடும் என்பது அம்மாவின் அச்சம்.

இப்போது அவன், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று அம்மாவை நச்சரிக்கிறான். முதலில் அவன் திருந்தட்டும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று அம்மா சொல்கிறார். அவன் சம்மதிக்கும் வரை நாங்கள் காத்திருக்கத்தான் வேண்டுமா? எந்த வாசலை முதலில் தட்டுவது?


சத்துவாச்சாரி வாசகர் எழுதியது:

அம்மா, கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். இப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்துச் சோறு போடுவதால்தான் அவர்கள் மாறுவதில்லை. வழக்கு ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள். ஜாமீனுக்கு அலையாமல் உள்ளேயே விட்டிருந்தால் 15,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும், புத்தியும் வந்திருக்கும். மாத்திரை விற்பவனைப் பற்றித் தெரிந்தால் 10581 என்ற இலவச எண்ணில் தகவல் சொல்லுங்கள். அதையாவது தயங்காமல் செய்யுங்கள்.


ஆற்றுப்படுத்துநர், வேலூர் எழுதியது:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டியதில்லை. தம்பிக்கு வேண்டிய மருத்துவம் ஒரு வழி. அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களுக்கும் குழந்தைக்கும் வேண்டிய உதவி வேறொரு வழி. இரண்டாவது வழியில் நடக்க அவருடைய கையெழுத்தோ, சம்மதமோ, திருந்துதலோ தேவையில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, சட்டவிரோதப் போதைப் பொருள்களைச் சார்ந்து வாழும் 20 பேரில் ஒருவருக்கே ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதிப் பத்தொன்பது வீடுகளிலும் யாரோ ஓர் அம்மா, அவன் திருந்தட்டும் என்று வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றே நான் அந்த எண்ணைப் படிக்கிறேன்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அடி உதையை மட்டும் பேசவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பதும், மனைவியின் நகையையோ பொருளையோ எடுத்து விற்பதும் பொருளாதார வன்முறை என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. தம்பி மனைவி வீட்டை விட்டு வெளியேறாமலும், காவல் நிலையம் போகாமலும், மாவட்டச் சமூக நல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசினாலே வழிகாட்டுவார்கள். குழந்தைக்கென்று மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். பெற்றோரால் பொருளாலும் உடலாலும் பராமரிக்க இயலாத நிலை இருக்கிறதா என்று குழு விசாரித்து முடிவெடுக்கும். அதற்கான மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தர வேண்டும். கிடைத்தே தீரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் விசாரணைக்கு வருபவரிடம் வீட்டு நிலைமையை மறைத்தால் நிச்சயமாகக் கிடைக்காது. பள்ளியில் வெறும் படிப்புதவி என்று கேட்டபோது உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். கேட்பவர் காரணத்தைச் சொல்லாதபோது, எதிரில் இருப்பவர் தமக்குத் தெரிந்த சான்றிதழைத்தான் கேட்பார்.

வீடு அம்மாவின் பெயரில் இருக்குமானால் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்திட வேண்டாம். தொந்தரவு எல்லை மீறினால், மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியாத்தம் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே அவர் முறையிடலாம்; வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

இனித் தம்பியைப் பற்றி. மேலே எழுதிய ஐயாவின் கோபம் எனக்குப் புரிகிறது. இருபது ஆண்டுகளாக இதே சொற்களைக் கேட்டு வருகிறேன். ஆனால் போதைப் பொருள் தடுப்புச் சட்டமே, 64ஏ பிரிவில், வேறொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. தாம் பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் இருப்பவர், தாமாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குக் கோரலாம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு என்றே கணக்கு. நீங்கள் 36,000 ரூபாய் கட்டிய இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டீர்களா? பதிவில்லாத இடத்தின் சான்று நீதிமன்றத்தில் எடுபடாது. உங்கள் வழக்கறிஞரிடம் இந்தப் பிரிவைப் பற்றி அவசியம் பேசுங்கள். கட்டணம் சுமையானால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு; தம்பி தம் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

சிகிச்சைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு வீட்டார் ஒருவரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறையை 1950-களிலேயே கைக்கொண்ட இடம்; வீட்டாருக்குச் சொல்லித்தருவதும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் வீட்டாரும் பேசலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளில் சில அபினி வகையைச் சேர்ந்தவை. நிறுத்திய ஓரிரு நாளில் உடல் வலி, மூக்கிலும் கண்ணிலும் நீர், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வந்து ஒரு வாரம் வாட்டும். அந்த வாரத்தைத் தாங்க மருந்து இருக்கிறது. ஆனால் சில வாரம் விட்டிருந்துவிட்டுப் பழைய அளவிலேயே மீண்டும் எடுத்தால், உடல் அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருப்பதால் மூச்சே நின்றுபோகலாம். இல்லத்திலிருந்து திரும்பிய முதல் மாதம்தான் மிகவும் ஆபத்தானது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றும் பழக்கம் இருந்தால், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்துகொள்ளலாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள்.


பழைய கூட்டுறவுக்காரர் எழுதியது:

நான் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். போதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன், மகளே.

உங்கள் நோட்டைப் போல ஒரு நோட்டை ஒவ்வொரு வீட்டிலும் எழுதினால் எங்களைப் போன்றவர்களின் வேலை பாதி குறையும். எனினும் அதில் ஒரு திருத்தம் தேவை. இழந்த கூலியை நீங்கள் கூட்டியிருக்கக் கூடாது. அது வராத பணம். அதை யாருக்கும் நீங்கள் தர வேண்டியதில்லை. அதைக் கூட்டும்போது தொகை மலைபோல் நின்று, வீட்டை விற்றால்தான் தீரும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. நீங்கள் உண்மையில் தர வேண்டிய அசல் 1,10,000 ரூபாய் மட்டுமே. அதற்கு ஒரு வீடு எதற்கு?

ஐந்து வட்டி என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண்டுக்கு அது 60 சதவீதம். அடகுக் கடையின் இரண்டு வட்டி 24 சதவீதம். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் 9 முதல் 11 சதவீதத்துக்குள் அடங்கும். தங்கம் இன்று விற்கும் விலையில் இரண்டு சவரனுக்கு அங்கே ஒரு லட்சத்துக்கு மேலேயே கடன் கிடைக்கும். எனவே சங்கிலியை மீட்டு, அம்மாவின் பெயரில் அங்கே மாற்றி வைத்து, அந்தப் பணத்தில் அடகையும் கைமாற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். மீட்பதற்கு வேண்டிய 60,000 ரூபாயை ஒரே ஒரு நாளைக்கு யாராவது நம்பகமானவர் உடன் வந்து தர வேண்டியிருக்கும். அந்த ஒரு நாள்தான் கடினம். மாதம் 3,700 ரூபாய் வட்டி கட்டுகிற இடத்தில் ஆயிரத்தை ஒட்டி நின்றுவிடும். நகை வங்கிப் பெட்டகத்தில் இருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது. உங்கள் வீட்டில் அதைவிடப் பாதுகாப்பான இடம் இப்போது இல்லை.

கைமாற்றுக் கொடுத்தவர் மிரட்டினால் பயப்பட வேண்டாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அசலைத் தரும்போது எழுதிக் கொடுத்த புரோநோட்டைத் திரும்ப வாங்காமல் வராதீர்கள்.

இன்னொரு கேள்வி. அம்மா பீடி கம்பெனிக்காகச் சுற்றியவரா, அவருக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்ததா? பத்து ஆண்டு பணி இருந்தால் 58 வயதிலேயே ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். குறைந்தது மாதம் 1,000 ரூபாய். பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் இதைக் கேட்காமலே விட்ட பீடித் தொழிலாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வைப்பு நிதி அலுவலகம் வேலூரிலேயே இருக்கிறது. அம்மாவின் ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணையும் இன்றே மாற்றிவிடுங்கள். மகனுக்கு அது தெரிந்திருக்கும்.


காட்பாடி இல்லத்தரசி எழுதியது:

அக்கா, என் கணவருக்குக் குடி. பன்னிரண்டு ஆண்டுக் கதை. அதில் நான் செய்த ஒரு தவற்றை மட்டும் நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் தூள் என்று ஒருவர் சொல்ல, 4,500 ரூபாய் கொடுத்து வாங்கி, குழம்பில் கலந்து கொடுத்துவந்தேன். அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்த இரவில் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி, அவசரப் பிரிவில் படுக்கவைக்கும்படி ஆயிற்று. அப்படி ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறதாம். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டியதாம். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. உங்களுக்கு யார் துணை இருக்கிறார்கள் என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அவர் சொல்லித்தான் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் உண்டு என்று அறிந்தேன். கட்டணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை. அங்கே யாரும் என் கணவரைத் திருத்தும் வழி சொல்லித்தரவில்லை என்பதால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் எங்கெங்கே அவருக்காகப் பொய் சொல்கிறேன், யாரிடமெல்லாம் அவர் கடனுக்கு நான் பதில் சொல்கிறேன் என்பதை அங்கே உட்கார்ந்துதான் எண்ணிப் பார்த்தேன். என் பெயரில் இரண்டு குழுக்கடன் இருந்தது. ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொன்றை வாங்கியிருந்தேன். தவணை தவறிய வாரத்தில் வசூலுக்கு வந்தவர் இரவு எட்டு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார், குழுவிலிருந்த மற்றப் பெண்கள் தங்கள் பணத்தைப் போட்டு என் தவணையைக் கட்டினார்கள், அந்த வெட்கத்தில் பல மாதம் குழாயடிக்கே போகவில்லை. இப்போது அப்படி உட்கார முடியாது. வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கி 2025-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது.

அவர் இன்னும் குடிக்கிறார். என் பெயரில் மட்டும் இன்றைக்குக் கடன் ஏதும் இல்லை. அவர் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று பால்காரர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லாரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் காய்ச்சல்போல் இருந்தது.


சத்துவாச்சாரி வாசகர் எழுதியது:

64ஏ பிரிவு எனக்குத் தெரியாத செய்தி. உள்ளேயே விட்டிருக்கலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். விற்பவர்களைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.


குடியாத்தம் அக்காள் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சங்கிலியை மாற்றி வைத்துவிட்டோம். என் சின்ன மாமனார் 60,000 ரூபாயோடு காலையில் வந்து, மாலையில் அதே பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். புரோநோட்டு கையில் வந்ததும் அம்மா அதைக் கிழிக்க விடவில்லை. அடுப்பில்தான் போட வேண்டும் என்று சொல்லி அப்படியே செய்தார். கம்பெனி மாறியதால் அம்மாவுக்கு இரண்டு வைப்பு நிதி எண்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைத்தால் பத்து ஆண்டு தேறுகிறதா என்று பார்த்துச் சொல்வதாக அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தம்பி மனைவியோடு போனேன். மனு எழுதித் தருபவர் காரணம் என்ன போடுவது என்று கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே, கணவர் போதைப் பழக்கத்தால் வருமானம் ஈட்ட இயலாத நிலையில் இருக்கிறார் என்று எழுதுங்கள் என்றாள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வீட்டு விசாரணைக்கு இன்னும் யாரும் வரவில்லை.

முன்பு சேர்த்த இல்லத்துக்குப் பதிவு இருப்பதாகத் தெரியவில்லை. சான்றின் நகலைக் கேட்டேன், தரவில்லை. தம்பி அடுக்கம்பாறைக்கு ஒருமுறை வந்தான். மருத்துவர் இரண்டாம் முறை வரச் சொன்ன நாளில் காணாமல் போய்விட்டான். நான்கு நாள் கழித்து, மாத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று அவனாகவே கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். நாளை அவனை அழைத்துப் போவதற்காக விடுப்புச் சொல்லியிருக்கிறேன். வந்தால் இருவரும், வராவிட்டால் வீட்டார் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவர நான் மட்டும் போவேன்.

ஐயா சொன்னபடி நோட்டில் இழந்த கூலியை அடித்துவிட்டேன். புதுப் பக்கத்தில் இந்த மாத வட்டி 920, குழந்தைக்குச் செருப்பு 280.